மரம் வைரம் ஏறுவது எவ்வாறு?

முதுமை எய்தியும் உடல் தளராது உழைக்கும் ஒருவரைக் கண்டால், "வைரம் பாய்ந்த கட்டை" என்று வியந்து கூறுவது தமிழர் வழக்கு. இவ்வழக்கு மரத்தொழிலிலிருந்து வந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. நிலைக்கும் கதவுக்கும் மரம் வாங்கச் செல்லும் அனுபவசாலி, அதன் நீளத்தையும் பருமனையும் அளப்பதற்கு முன்னரே, அறுத்த முகத்தில் வைரம் எவ்வளவு, வெளிறு எவ்வளவு என்று நோக்குவார். வைரமுள்ள மரம் பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்கும் என்பதும், வெளிறு சில ஆண்டுகளிலேயே உளுத்துக் கொட்டும் என்பதும் அவர் அறிந்தவை. ஆயின், ஒரே மரத்தில், ஒரே வேரால் நீருண்டு வளர்ந்த இருபகுதிகளுள் ஒன்றைக் கறையான் தின்பதும் மற்றையதைத் தீண்டாது விடுவதும் ஏன்? இவ்வினாவுக்கு இரசாயனவியல் கடந்த நூறாண்டுக் காலத்திலேதான் தெளிவான விடை கண்டது.

வினா புதிதாயினும், அதற்கு அடிப்படையான பாகுபாடு தமிழுக்கு மிகப் பழையது. தொல்காப்பியத்தின் மரபியல், நிலைத்திணை உயிர்களை இருவகைப்படுத்துகின்றது. உள்ளே வயிரம் உடையனவற்றை அது மரம் என்கின்றது. புறத்தே வயிரம் உடையனவற்றைப் புல் என்கின்றது. முன்னையதை அகக்காழ் என்றும் பின்னையதைப் புறக்காழ் என்றும் வழங்குதல் மரபு. எனவே வேம்பும் தேக்கும் மரமாக, பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினத்தைச் சேர்வனவாயின. பிற்கால நிகண்டு நூலார் இவ்விரண்டோடு வெளிறு என்னும் மூன்றாவதையும் சேர்த்தனர். அஃது உள்ளும் புறமும் வைரம் அற்றது. யாழ்ப்பாணத்து வேலிகளில் கதியாலாக நிற்கும் முள்முருக்கும், வளவுதோறும் வளரும் முருங்கையும் இவ்வினத்தன. நுணுக்குக்காட்டி இல்லாத காலத்தில் வகுக்கப்பெற்ற இப்பாகுபாடு, இன்றைய தாவரவியலின் முடிவோடு பெரிதும் பொருந்தி நிற்கின்றது. பனை புல்லுக்கு உறவினமே என்பது இன்றைய நூலாரும் ஒப்புவதொன்று.

அகக்காழ் தோன்றும் முறையை அறிவதற்கு, மரம் வளரும் முறையை முதலில் அறிதல் வேண்டும். மரப்பட்டையின் உட்புறத்தே மாறிழையம் என்னும் மெல்லிய படை ஒன்று உண்டு. அஃது ஆண்டுதோறும் உட்புறமாகப் புதிய மரத்தை ஆக்கிக்கொண்டே செல்லும். ஆகவே பட்டையை அடுத்துள்ள மரமே இளமையானது. நடுவிலுள்ள மரமே முதியது. இளைய மரத்தின் நுண்ணிய குழாய்கள் வேர் உறிஞ்சும் நீரை இலைக்கு ஏற்றுகின்றன. அக்குழாய்களுக்கிடையே உயிருள்ள கலங்களும் உண்டு. இலை சமைத்த உணவில் எஞ்சியதை மாப்பொருளாகச் சேமித்து வைத்தல் அவற்றின் தொழில். வெளிறாகக் காணப்படும் பகுதி இதுவே. நீரும் மாப்பொருளும் நிறைந்திருத்தலால், வண்டும் பங்கசும் நாடி வருவதும் இப்பகுதியையே. மரத்தை உளுக்கச் செய்து மாவாய்க் கொட்டுவிக்கும் சிறுவண்டு உண்மையில் தேடுவது அம்மாப்பொருளைத்தான்.

மரம் பருத்துச் செல்லச் செல்ல, நடுவேயுள்ள பழைய குழாய்கள் நீரேற்றுவதற்கு வேண்டாதனவாகின்றன. அவற்றை அடுத்துள்ள உயிர்க்கலங்களுக்கும் முடிவு நெருங்குகின்றது. அக்கலங்கள் வாளாது இறந்துபடுவதில்லை. இறக்குமுன், தாம் சேமித்து வைத்த மாப்பொருளையும் வெல்லத்தையும் செலவிட்டு, முன்பு தம்மிடத்தே இல்லாத புதிய சேதனச் சேர்வைகளை ஆக்குகின்றன. அவற்றுட் பல பங்கசுக்கும் பூச்சிக்கும் நஞ்சாவன. நிறமும் மணமும் கசப்பும் உடையன. கலம் இறந்ததும் அச்சேர்வைகள் அயலேயுள்ள சுவர்களில் ஊறிப் படிகின்றன. தேக்கு முதலிய பல மரங்களில், இக்காலத்திலேயே சிறு குமிழ்கள் போன்ற வளர்ச்சிகள் நீர்க்குழாய்களுக்குள் புகுந்து அவற்றை அடைத்துவிடுகின்றன. இங்ஙனம் நீர் வற்றி, உணவு ஒழிந்து, வழி அடைபட்டு, நஞ்சூறி நிற்கும் பகுதியே வைரம் எனப்படுவது. வெளிறுக்கும் வைரத்துக்கும் இடையே இம்மாற்றம் நிகழும் ஒடுங்கிய வளையத்தைத் தாவர நூலார் இடைமாறு வலயம் என்பர். மரத்தின் வைரம் முழுவதும், ஒரு காலத்தில் இவ்வலயமாக இருந்து கடந்து வந்ததே.

இச்சேர்வைகள் தமிழர் இல்லங்களுக்குப் புதியன அல்ல. கோயிலிலும் வீட்டிலும் அரைக்கும் சந்தனம், சந்தன மரத்தின் வைரமே. அதன் மணம் சந்தலோல் என்னும் எண்ணெய்ப் பொருளால் வருவது. அம்மரத்தின் வெளிற்றை எவ்வளவு தேய்ப்பினும் மணம் தோன்றாது. வெற்றிலையோடு கூட்டும் காசுக்கட்டி, செங்கருங்காலி மரத்தின் வைரத்தைச் சீவி நீரிற் காய்ச்சி எடுப்பது. பலாமரத்தின் வைரம் மஞ்சள் நிறமாயிருத்தல் மோரின் முதலிய சேர்வைகளால். அவ்வைரத்தைக் காய்ச்சி எடுத்த சாயத்திலே பௌத்த துறவியர் தம் ஆடைகளைத் தோய்த்தனர். கருங்காலியின் கருமையும் வைரத்திற்கே உரியது. அதன் வெளிறு வெளிர் நிறமாகவே இருக்கும். மணமும் நிறமும் மனிதர்க்குப் பயன்படுவன. மரத்திற்கோ அவை காவற் பொருள்கள்.

இக்காவற் பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து ஆராயும் முயற்சி, பெரும்பாலும் குளிர்நாடுகளின் கூம்பு மரங்களிலேயே நிகழ்ந்தது. பைன், தேவதாரு, சைப்பிரசு முதலியன அவ்வினத்தைச் சேர்ந்தவை. இலங்கைக் காடுகளில் இயல்பாகத் தோன்றிய கூம்பு மரம் ஒன்றேனும் இல்லை. மலைநாட்டில் இன்று காணப்படும் பைன் மரங்கள் வெளியிலிருந்து கொணர்ந்து நடப்பெற்றவை. தேவதாருக் கட்டை நாட்டு மருந்துக்கடைகளில் விற்கப்படுவதன்றி, அம்மரத்தை யாழ்ப்பாணத்தில் நேரிற் காண்டல் அரிது. எனினும், இங்குள்ள வேம்புக்கும் தேக்குக்கும் பொருந்தும் உண்மையை முதலில் வெளிப்படுத்தியவை அக்கூம்பு மரங்களே.

சுவீடன் நாட்டில் பைன் மரத்தைக் கடதாசிக் கூழாக்கும் தொழிற்சாலைகளில் ஒரு தொல்லை இருந்துவந்தது. சல்பைற்று முறையால் வெளிற்றை எளிதிற் கூழாக்க முடிந்தது. வைரமோ கூழாக மறுத்தது. ஹொல்கர் ஏர்ட்மன் என்னும் இரசாயன அறிஞர் இதன் காரணத்தை ஆராய்ந்து, பைன் வைரத்தில் உள்ள பைனோசில்வின் என்னும் சேர்வையை 1939ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். கூழாக்கத்தைத் தடுத்த அதே சேர்வை பங்கசுக்கு நஞ்சாதலும் அறியப்பெற்றது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, 1936ஆம் ஆண்டில், தைவானில் ஆராய்ச்சி செய்துவந்த தெத்சுவோ நொசோயே என்னும் யப்பானிய அறிஞர், அத்தீவின் ஹினோக்கி மரத்திலிருந்து ஹினோகிதியோல் என்னும் சேர்வையைக் கண்டறிந்திருந்தார். பென்சீன் இனத்துச் சேர்வைகளில் ஆறு காபன் அணுக்கள் வளையமாக நிற்றல் யாவரும் அறிந்தது. இதிலோ ஏழு காபன் அணுக்கள் வளையமாக நின்றன. உலகப் போரினால் தொடர்பு அறுந்தமையின் நொசோயேயின் ஆய்வு மேனாட்டாருக்கு நெடுநாள் எட்டவில்லை. போருக்குப் பின், வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் செஞ்சீடர் மரத்தை ஏர்ட்மன் குழுவினர் ஆராய்ந்தபோது, அதிலும் அதே ஏழணு வளையச் சேர்வைகள் காணப்பட்டன. அவற்றுக்குத் தூயாப்பிலிசின் என்று பெயரிட்டனர். அவற்றுள் ஒன்று நொசோயே கண்ட ஹினோகிதியோலே. பெருங்கடலின் இருகரையில் வளர்ந்த மரங்கள் ஒரே படைக்கலத்தை ஆக்கியிருந்தன.

செஞ்சீடர் மரம் கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. அது கையில் எடுத்தால் மிக இலேசானது. நகத்தால் கீறினாற் கீறல் விழும். எனினும் வட அமெரிக்க மேற்குக் கரையின் ஆதிக்குடிகள் தம் ஓடங்களையும் வீட்டுத் தூண்களையும் அம்மரத்தாலேயே செய்தனர். மழையிலும் கடற்காற்றிலும் அவை நெடுங்காலம் நின்றன. அவ்வளவு ஆற்றலை அளிக்கும் தூயாப்பிலிசின், வைரத்தின் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ ஆகும். எனவே, வன்மையும் உழைப்பும் ஒன்றே என்று கருதுதல் தவறு. மரத்தின் நீடிப்பு பெரும்பாலும் அதில் ஊறிய சேர்வையைப் பொறுத்தது. வன்மையான மரமாயினும் அச்சேர்வை இல்லையெனின் கறையான் அதைத் தின்றே தீரும்.

வடபகுதி மக்கள் பயன்படுத்தும் மரங்களை இவ்வறிவோடு நோக்குதல் தகும். தேக்கு இலங்கைக்கு வெளியிலிருந்து வந்த மரம்; வன்னியில் அதற்கு அரசாங்கத் தோட்டங்கள் உண்டு. அதன் வைரத்தில் தெக்டோகுவினோன் என்னும் சேர்வை உண்டு. அது கறையானுக்கு ஆகாது. இறப்பர் போன்ற ஒரு பொருளும் அதனுடன் சேர்ந்து நீர் ஊறாது காக்கின்றது. அதே தேக்கின் வெளிறு, பெயரளவில் தேக்காயினும், கறையானுக்கு நல்லுணவே. வன்னிக் காட்டின் முதிரை பொன்னிறமும் பளபளப்பும் உடையது. கதவுக்கும் தளபாடத்துக்கும் அதனை விரும்பாதார் இல்லை. அதன் தூள் பட்டால் தச்சர் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். செஞ்சீடர்த் தூளைச் சுவாசித்தவர்க்கு ஈளை நோய் கண்டதும் உண்டு. பூச்சியைத் தடுக்கும் சேர்வை மனிதனையும் முற்றாக விட்டுவிடுவதில்லை. ஆதலின் அரிமரக் கூடங்களில் வாயையும் மூக்கையும் துணியால் மறைத்து வேலை செய்தல் நன்று.

இனிப் புறக்காழுடைய பனையைக் கருதுவோம். பனைக்குப் பருத்து வளரச் செய்யும் மாறிழையம் இல்லை. அதன் தண்டு முழுவதும் நார்க்கட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. நடுவே அவை ஐதாகவும், புறத்தே நெருக்கமாகவும் அமைந்துள்ளன. ஆண்டுகள் செல்லச் செல்லப் புறத்துள்ள நார்களின் சுவர்கள் தடித்து இலிக்கினின் ஏறிக் கருமை கொள்கின்றன. நார்களை ஒட்டி நுண்ணிய சிலிக்காத் துணிக்கைகளும் அமைகின்றன. வாளும் உளியும் பனையில் விரைவில் மழுங்குவதற்கு இவையெல்லாம் காரணம். தேக்கு நஞ்சால் தன்னைக் காப்பது. பனை கவசத்தாற் காப்பது. அதனாலேதான் தச்சர் பனையைப் பிளந்து, நடுவிலுள்ள சோற்றை முற்றாகச் செதுக்கி எறிந்து, புறத்து வைரத்தை மட்டும் வளைக்கும் கைமரத்துக்கும் சலாகைக்கும் எடுத்தனர். யாழ்ப்பாணத்தின் பழைய நாற்சார் வீடுகளின் கூரையைத் தாங்கியதும், கிணற்றடியில் துலாவாக ஏறி இறங்கியதும் இவ்வைரமே. தேக்கில் வெளியே உள்ளதை நீக்குவதும் பனையில் உள்ளே உள்ளதை நீக்குவதும், தொல்காப்பியர் கூறிய பாகுபாட்டைத் தச்சர் தம் கைத்தொழிலில் நாள்தோறும் கடைப்பிடித்தமைக்குச் சான்றாகும்.

இவ்விருவகை வைரத்துக்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு. அது காலம். பனையின் நார் தடிப்பதற்குத் தலைமுறைகள் வேண்டும். அகக்காழ் மரத்திலோ காலத்தின் பங்கு இன்னும் நுட்பமானது. மரத்தின் இளம்பருவத்தில் உண்டாகும் வைரத்தில் காவற் சேர்வைகள் குறைவு. மரம் முதிர முதிர, பின்னர் உண்டாகும் வைரத்தில் அவை மிகுகின்றன. அதனால் முதிர்ந்த மரத்தில் வைரத்தின் வெளிவிளிம்பே மிகச் சிறந்தது. நடுக்குருத்தை அடுத்த பகுதி அத்துணைச் சிறந்ததன்று. செஞ்சீடரிலும் தேக்கிலும் இது நன்கு அறியப்பெற்றது. விரைந்து வளரச் செய்து இளமையிலேயே வெட்டிய தேக்கில் வெளிறு மிகுதி. உள்ளதோர் சிறு வைரமும் இளவைரம். நூறாண்டுத் தேக்கின் புகழை நம்பி இருபதாண்டுத் தேக்கை வாங்குபவர், பெயரை மட்டுமே வாங்கியவராவார்.

வடபகுதியில் இஃது இன்று ஏட்டளவிலான செய்தி அன்று. போர்க்காலத்தில் எண்ணிறந்த பனைகள் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் தறிக்கப்பட்டன. எறிகணையால் தலையிழந்தவையும் பல. 2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபின், அழிந்த வீடுகள் மீளக் கட்டப்படலாயின. இந்திய அரசின் உதவித்திட்டத்தில் மட்டும் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. ஒரே காலத்தில் இத்தனை வீடுகளுக்கு நிலையும் கதவும் யன்னலும் கூரைமரமும் தேவைப்படும்பொழுது, முதிர்ந்த மரம் போதாமற் போவதும், இளமரம் சந்தைக்கு வருவதும் இயல்பு. பல்லாண்டுச் சேமிப்பையோ கடனையோ கொட்டிக் கட்டிய வீட்டில், சுவர் உறுதியாக நிற்க, நிலை மட்டும் கறையானுக்கு இரையாதல் ஏழைக் குடும்பத்துக்குச் சிறிய இழப்பன்று.

வெளிறு மிகுந்த மரத்தைக் காப்பதற்கும் வழி உண்டு. தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொந்தி காமேசன் என்னும் இந்திய அறிஞர், செம்பு, குரோமியம், ஆசனிக்கு ஆகியவற்றின் உப்புக்களைச் சேர்த்து மரத்தில் ஊட்டும் முறையை 1933ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அது பின்னர் உலகெங்கும் பரவித் தந்திக் கம்பங்களுக்கும் வேலித் தூண்களுக்கும் நீண்ட வாழ்நாள் அளித்தது. ஆசனிக்கின் தீங்கு கருதி, பிற்காலத்தில் பல நாடுகள் குடியிருப்புகளில் அதன் பயனைக் கட்டுப்படுத்தின. வீட்டின் உட்புற மரங்களுக்கு இன்று போரன் உப்புக்கள் பயன்படுகின்றன. மழைநீரிற் கரைந்துபோவதால் அவை வெளிப்புறத்துக்கு ஏலா. இங்கும் ஒரு நுட்பம் கவனித்தற்குரியது. மருந்து எளிதில் ஊறுவது வழி திறந்திருக்கும் வெளிற்றிலேயே. வைரத்தில் வழிகள் அடைபட்டிருத்தலால் மருந்து உட்செல்வது அரிது. மரம் தானே செய்யும் காவலை, மனிதன் அதற்குச் செய்யும் காவல் எனலாம். ஆயினும் அது மேலோட்டமானது. மருந்தூட்டிய மரத்தைப் பின்னர் இழைத்தாலும் அறுத்தாலும், மருந்து சேராத பகுதி வெளிப்பட்டுவிடும். மேற்பூசும் மைப்பூச்சு ஈரத்தைத் தடுக்குமேயன்றி, நிலத்திலிருந்து ஏறும் கறையானைத் தடுக்க மாட்டாது.

எனவே, மரம் வாங்குவோர் கடைப்பிடிக்கத்தக்கன சில. மரத்தின் பெயரை மட்டும் கேட்டு விலை பேசாது, அறுத்த முகத்தைத் துப்புரவாக்கி, நிறம் மாறும் எல்லையைப் பார்த்தல் வேண்டும். நிலத்தோடும் சுவரோடும் பொருந்தும் நிலைக்கால்களுக்கு வைரத்தையே தெரிதல் வேண்டும். வெளிறு கலந்த பலகையைத் தவிர்க்க முடியாதவிடத்து, அறுத்துத் துளையிட்டு முடித்த பின்னரே மருந்தூட்டி, ஈரம் படாத உயரமான இடங்களுக்குப் பயன்படுத்துதல் நன்று. பனையாயின் சோறு எஞ்சாது செதுக்கப்பட்டதா என்றும், நார் கருமையேறி நெருங்கியுள்ளதா என்றும் நோக்குதல் தகும்.

நடுவோர்க்கும் ஒரு சொல் உண்டு. இன்று நடப்படும் பனைவிதையும் வேப்பங்கன்றும் நடுபவர் காலத்திலேயே நல்ல வைரம் தந்துவிடும் என்று எதிர்பார்த்தல் இயலாது. வைரத்தை ஆக்குவன மரத்தின் உள்ளே முதிர்ந்து இறக்கும் கலங்கள். அவற்றை விரைவுபடுத்தி அதே சிறப்பைப் பெறும் வழி இன்னும் கிட்டவில்லை. முன்னோர் நட்டதை இன்றுள்ளோர் கூரையாக்கிக்கொண்டனர். வளவின் ஓரத்தில் சில மரங்களையேனும் வெட்டாது முதிரவிடுதல், அக்கடனைத் தீர்க்கும் வழியாகும்.